எலுமிச்சம்பழம் தின்ற தொட்டி

ஆயுத பூஜை முடிந்து இரண்டொரு நாள் இருக்கும். ஒரகடத்தில் நான் வழக்கமாக டிஃபன் சாப்பிடும் சுமதி மெஸ்ஸுக்குப் போனேன். இட்லி இல்லை. பொங்கல் இல்லை.

"பிரெட் இருக்கு சார். ஜாம் தடவித் தரட்டுமா?" என்றார் சுமதி.

பிரெட்டா! காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதைக் காலங்காத்தால என்னிடம் நீட்டினால் கோபம் வராதா? வந்தது. ஆனால் சுமதியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அழுது முடித்த முகம்.

"கேஸ் வரல சார். கையில இருந்த சிலிண்டரும் தீந்துட்டு. தொட்டி செத்துப் போச்சு."

தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுமதி சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இங்கே கம்பெனி வேலைக்கு வந்த தெக்கத்திப் பையன்களுக்குச் சமைத்துப் போடுகிறார். மெஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை ஃபைபர் தொட்டி. மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், பிளேட்டில் வீணான சாம்பார்... எல்லாவற்றையும் கரைத்து ஊற்றினால், உள்ளே இருக்கும் கிருமிகள் தின்றுவிட்டு கேஸ் விடும். அது குழாய் வழியாக நேரே அடுப்புக்கு. சாண எரிவாயு நமக்குப் பழசுதான். ஆனால் மாடே இல்லாமல், மிச்சம் மீதியை வைத்தே அடுப்பெரிக்கிற இந்த ரெடிமேட் தொட்டி புதுசு.

வாங்கச் சொன்னது யார்? அடியேன்தான். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி. வாய் ஜாஸ்தி என்பது என் மனைவியின் கட்சி.

தொட்டி வந்தபின் சுமதிக்கு சிலிண்டர் செலவு குறைந்தது. சாப்பாட்டு விலையை ஏற்றாமல் காலம் தள்ள முடிந்தது. தொட்டி போனால் விலை ஏறும். விலை ஏறினால் பையன்கள் அடுத்த தெரு மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் மெஸ் ஏது?

"உள்ளே என்னம்மா போட்டீங்க?"

சுமதி பதில் சொல்வதற்குள், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த முருகேசன் முந்திக்கொண்டான். மாடி அறையில் குடியிருப்பவன், பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். "நாங்க ரோட்டையே சுத்தம் பண்ணிட்டோம்லா சார்!" என்றான். முகமெல்லாம் பெருமை.

இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி தோற்றுவிடும். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம். கேட்டுக்கு கேட் பூசணிக்காய். மறுநாள் காலை ரோடெல்லாம் வழுக்கும். டூவீலரில் போகிறவன் பாடு திண்டாட்டம்.

"போன வருஷம் நம்ம ரூம் பையன் ஒருத்தன் பூசணிக்காயில வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டான் சார். இந்த வருஷம் விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். பூசணிக்காயெல்லாம் மாட்டுக்குப் போட்டாச்சு. எலுமிச்சம்பழத்தை மாடு திங்காதுல்லா? யாராச்சும் மிதிச்சாலும் ஆகாது. சாக்குல அள்ளிட்டு வந்து, நசுக்கித் தொட்டியில போட்டுட்டோம். வேஸ்ட்டே இல்ல சார்!"

"எத்தனை சாக்கு?"

"அது... கம்பெனி பஸ் ஸ்டாண்டு, லாரி ஷெட்டு எல்லாம் சேர்த்து..." என்று இழுத்தான்.

ஐயோ! இந்தத் தொழிற்பேட்டையின் மொத்தத் திருஷ்டியும் சுமதியின் தொட்டிக்குள் போயிருக்கிறது! திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்... எப்படித் திட்டுவது? ராத்திரி வேலைக்குப் போகிறவன், பகல் தூக்கத்தை விட்டுவிட்டு ரோட்டைப் பெருக்கியிருக்கிறான்.

தொட்டி விற்ற கம்பெனிக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்ட சர்வீஸ்காரர், 'எலுமிச்சம்பழமா?' என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "புளிப்பு ஏறிடுச்சு சார். சாப்பாடு போடுறதை நிறுத்துங்க. அளவா சுண்ணாம்புத் தண்ணி விடுங்க. அப்புறம் தினமும் கொஞ்சம் புதுச் சாணியைக் கரைச்சு ஊத்துங்க. அதுலேருந்து நல்ல கிருமி வந்து தேறிடும்" என்றார்.

அப்பாடா என்று போனை வைக்கிறேன்... வாசலில் ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம். இந்த ஊர்க்காரர். நிலமெல்லாம் தொழிற்சாலைக்குப் போய், இப்போது வாடகையும் இரண்டு மாடுகளுமாக இருக்கிறார்.

"இன்னாம்மா இது, நாத்தம் கொடலப் புடுங்குது! குடித்தனக்காரன்லாம் என்னிய வந்து கேக்கறான். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அடுப்பு எரியலன்னா ஆள வுட்டு அத்தத் தூக்கிக் கடாசிடுவேன், சொல்ட்டேன்!"

போய்விட்டார். சுண்ணாம்பு கடையில் கிடைக்கும். சாணி? சுற்றிலும் கார் கம்பெனி, டயர் கம்பெனி... மாடு வைத்திருக்கும் ஒரே மனிதர் இப்போதுதான் கத்திவிட்டுப் போகிறார். சுமதி பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் பின்னால் போனேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் சாணி வேணும்."

"இன்னாத்துக்கு?"

"தொட்டிக்குத்தான்."

"அய்யே! அத்தத்தான் தூக்கிக் கடாசச் சொல்லிக்கினு கீறேன். அதுக்கு என் மாட்டுச் சாணியே வோணுமா? இன்னா நெஞ்சழுத்தம்மா உனக்கு!"

சுமதி அசரவில்லை. "வேற எங்க போவேன் அண்ணாச்சி? நீங்கதான் பாத்துப் பாத்துல்லா தீவனம் வைக்கிய. இந்தச் சாணியில தேறலைன்னா வேற எதுலயும் தேறாது."

மனிதர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! "பின்ன? என் மாடு வைக்கோலும் புல்லும் துன்ற மாடும்மா!" என்றபடி பக்கெட்டை வாங்கி அவரே அள்ளினார். அவரே தூக்கிவந்தார். கரைக்கப் போன முருகேசனை, "டேய், தள்ளு, அப்டியா கரைப்பாங்க?" என்று விரட்டிவிட்டு அவரே கரைத்தார்.

அன்றிலிருந்து காலையில் பால் கறந்த கையோடு ஆள் ஆஜர். தொட்டியில் காதை வைத்துக் கேட்பார். "உள்ள கொளகொளன்னு கீது" என்பார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல தைரியமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுமதி அடுப்பைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார். 'புஸ்' என்றது. அவ்வளவுதான். அணைந்துவிட்டது.

சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது சார்." எனக்கும் பேச்சு வரவில்லை. அபூர்வமான சம்பவம்தான்.

"முடிஞ்சிச்சினு யார் சொன்னா?" என்றார் ஏகாம்பரம். "என் மாட்டுச் சாணியப் போட்டும் எரியலன்னா ஊர்ல நான் தல காட்ட முடியுமா? கெடக்கட்டும். பாத்துக்கலாம்!"

கெடு வைத்த மனிதரே கெடுவைத் தூக்கி எறிந்துவிட்டார்.

சூரியத் தகடு, பேட்டரி ஸ்கூட்டர், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் மெஷின் என்று என்னென்னவோ வருகிறது. வரட்டும், எல்லாம் நன்றாகவே ஓடும் என்று நம்புகிறவன் நான். ஆனால் விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று மேடை போட்டுக் கத்துகிறோமே... அதனால் யார் மாறினார்கள்? ரிப்பேரான அன்று, 'இது எரியலன்னா எனக்கு அசிங்கம்' என்று தெருவில் ஒருத்தராவது நினைக்க வேண்டும். அப்படி ஒருத்தர் கிடைத்துவிட்டால் போதும், அந்த மெஷின் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை அடுப்பு பிடித்துக்கொண்டது. முதலில் மஞ்சளாக, நடுங்கிக்கொண்டு. பிறகு நீலமாக, நின்று எரிந்தது. முருகேசன் விசிலடித்தான். சுமதி வாய்விட்டு அழுதார். எனக்கு வந்த சந்தோஷத்தில் எத்தனை இட்லி உள்ளே போனதென்று கணக்கில்லை.

ஏகாம்பரம் இப்போது வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து தொட்டியைக் காட்டுகிறார். அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடத் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்க்க முடிந்ததாம். தெருவில் அதற்குப் பெயரே ஏகாம்பரம் கேஸ் என்றாகிவிட்டது.

"ஏம்மா, காசு போட்டு வாங்கினது நீங்க. பேரு அவருக்கா?" என்று கேட்டேன்.

சுமதி இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "பேரை அவரே வச்சுக்கிடட்டும் சார்... அப்பத்தான் தூக்கிப் போட மனசு வராது!"