கிழவிப்பூ

ஸ்காபரோவில் ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தின் ஓரமெல்லாம் டான்டிலயன் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. காம்பில் கசிந்த பால் விரலில் ஒட்டியபோது எங்கள் தீவின் மே மாதம் வந்துவிட்டது.

மே, மாதாவின் வணக்க மாதம். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். வளவில் ஒரு பூமரம் நிற்காது. அதனால் அக்காவும் நானும் வெயில் ஏறுமுன் வேலியோரங்களில் அலைவோம். பட்டிப்பூ, நாயுண்ணி, எருக்கலை. எருக்கலம்பாலும் இப்படித்தான் ஒட்டும். ஒவ்வொரு பூவையும் பெயர் சொல்லித்தான் மாதாவின் காலடியில் வைக்க வேண்டும். அது அக்காவின் சட்டம். நான் மாற்றிச் சொன்னால், செபம் நடக்கும்போதே காதைக் கிள்ளுவாள்.

"பேர் தெரியாமல் பிடுங்கினால் அது களவடா."

கனடாவுக்கு வந்தும் அவள் விடவில்லை. டான்டிலயன் ஒரு கிழமைக்குள் வெள்ளைப் பஞ்சாக நரைத்துப்போவதைப் பார்த்து, "உது கிழவிப்பூ" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் அதற்கு அதுதான் பெயர்.

அவள் உள்ளங்கையில் பூவை வைத்தேன்.

"அக்கா, இது பட்டிப்பூ."

கண்கள் கூரையிலேயே இருந்தன.

"இல்லை, நாயுண்ணி. எருக்கலை அக்கா, எருக்கலை!" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவளுடைய மகள் என் தோளைப் பிடித்தாள். "மாமா, ப்ளீஸ், விடுங்கோ."

எப்படி விடுவது? கட்டில் கம்பிக்கு மேலால் குனிந்து, அவள் விரல்களுக்கிடையில் என் காதை வைத்தேன்.

"றோசாப்பூ அக்கா," என்றேன். "இது றோசாப்பூ."