ஐந்து நகக் கோப்பை

பனி கொட்டும் மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அன்ரிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இங்கிலிஷ் இரண்டு பேருக்கும் ஒரே அளவு: ஹலோ, கோல்ட், தேங்க்யூ. அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் டிராகன் போட்ட பீங்கான் கோப்பையில் கொழுக்கட்டை மாதிரி ஏதோ அவித்துத் தந்தார். "வந்த கோப்பையை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கிறேல்லை" என்று அம்மா அதில் பொங்கல் வைத்துக் கொடுத்தார். அது தோடம்பழத்தோடு திரும்பி வந்தது. பிறகு கடலை போனது. இப்படியே வேலிக்கு மேலால் போக்குவரத்து.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சீனப் பீங்கான், வெள்ளையில் நீல டிராகன். டிராகனின் காலில் ஐந்து நகம் இருந்தால் சக்கரவர்த்தியுடையது, மற்றவர்களுக்கு நாலுதான் என்றார் வழிகாட்டி. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்கு ஓடி அன்ரியின் கோப்பையில் எண்ணினேன். ஐந்து! (இன்று ஐந்து நகத்தை எந்தக் கடைக் கோப்பையிலும் போடுகிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.) குளிர்த்தொப்பிக்குள் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன்.

"அன்ரியின்ரை கோப்பையைக் கண்டனியோ?"

"இல்லையம்மா."

அதற்குப் பிறகு அம்மா பின்வளவுக்கே போகவில்லை. அன்ரியின் குரல் கேட்டால் திரைச்சீலையை இழுத்துவிடுவார். "எந்த முகத்தோடை போய் நிக்கிறது?" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கென்ன, கோப்பை பத்திரம்.

மூன்றாம் கிழமை, மிசிசாகாவில் வேலை முடிந்து வந்த அப்பா ஒரு பெட்டியைத் திறந்தார். "உதுதானே? அச்சொட்டு!" அம்மாவின் முகம் மலர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, உதுக்கு நாலு நகம். அதுக்கு அஞ்சு. நில்லுங்கோ, காட்டுறன்!"

ஓடிப்போய் எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "எண்ணுங்கோ."

ஒருவரும் எண்ணவில்லை.

"சக்கரவர்த்தி கட்டிலுக்குக் கீழையோ படுத்தவர்?" என்றார் அப்பா.

அம்மா ஏசவுமில்லை. அடுப்பிலிருந்த பாயாசத்தை, "சூடு! வெடிக்கும்!" என்று நான் கத்தக் கத்த, அந்த ஐந்து நகக் கோப்பையிலேயே ஊற்றினார். ஜாக்கெட்டும் போடாமல் வெளியே இறங்கினார்.

யன்னலால் பார்த்தேன். அம்மா தமிழில் ஏதோ சொன்னார், அன்ரி சீனத்தில் ஏதோ சொன்னார். பிறகு அன்ரி கோப்பையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் அம்மாவின் கையைப் பிடித்தார். விடவேயில்லை.

நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பதறினேன்: ஐயோ, ஒற்றைக் கையாலை பிடிச்சிருக்கிறாவே!