இடது கையின் இரண்டு விரல்கள்

காலையில் ஷெட்டைத் திறந்ததும் நான் முதலில் செய்கிற வேலை தரையில் தண்ணீர் தெளிப்பது. கோலம் போடுவதற்கு இல்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலைகளுக்கு நடுவில் பெயிண்ட் அடிக்கிற கடை வைத்திருப்பவனுக்குத் தூசிதான் முதல் விரோதி. மாவு மாதிரி கறுப்பாக, கண்ணுக்கே தெரியாமல் இறங்கும். ஈரத் தரையில் விழுந்தால் அங்கேயே கிடக்கும். அடுத்து காற்றடைக்கிற கம்ப்ரஸருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து, ராத்திரி சேர்ந்த தண்ணீரை வடிப்பேன். பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அது குழாய் வழியாகப் போய் ஒரு சொட்டாக விழுந்தாலும் அன்றைய வேலை பாழ். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ஏர்பிரஷால் ஒரு புள்ளி, ஒரு கோடு, தடியாகத் தொடங்கி மயிரிழையாக முடிகிற ஒரு கீற்று. மூன்றும் ஒழுங்காக வந்தால்தான் டீ. இதற்கு நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும். மற்ற நேரத்திலும் வரும் என்று என் மனைவி சொல்வாள்.

ஏர்பிரஷ் என்பது பேனா அளவில் ஒரு துப்பாக்கி. உள்ளே ஒரு ஊசி, மேலே ஒரு விசை இருக்கும். அமுக்கினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு இழுப்பது என்பதுதான் மொத்த வித்தையும். பல வருடங்கள் அதை வைத்து பைக் டேங்கில் புலி, ஹெல்மெட்டில் மண்டை ஓடு, வேன் கதவில் அம்மன் என்று அடித்துத் தள்ளினேன். என் புலியைப் பார்த்துக் குழந்தைகள் அழுதிருக்கின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தப் புலிகளில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் திருவள்ளூரில் செயற்கைக் கை கால் செய்து கொடுக்கிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சிலிகானில் செய்த ஒரு கட்டைவிரல், மெழுகு நிறத்தில். ரேகை, நகம், மடிப்பு எல்லாம் இருந்தன. உயிர் மட்டும் இல்லை. இதற்கு நிறம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். புலியே போடுகிறேன், விரல் என்ன பெரிய விஷயம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூக்குடைபட்டதுதான் மிச்சம். மாநிறம் என்று ஒன்றைக் கலந்து அடித்தால் விரல் பொம்மைக் கடை விரலாக ஆனது. ஒரு வாரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளையெல்லாம் உற்றுப் பார்த்து, ஒருவரிடம் திட்டும் வாங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, தோலுக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. அடியில் மஞ்சள், அதன்மேல் சிவப்பு, நரம்பு போகிற இடத்தில் நீலம், மூட்டில் கருஞ்சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே பழுப்பு. ஒவ்வொன்றும் அடித்ததே தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் போக வேண்டும். பத்து பன்னிரண்டு படலம் போன பிறகு, எந்தப் படலத்தில் என்று சொல்ல முடியாது, திடீரென்று அது தோலாகிவிடும். இத்தனை விரல் செய்த பிறகும் அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கடவுளுக்கு எத்தனை பொறுமை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சிலிகான் மேல் வேறு எந்தப் பெயிண்டும் ஒட்டாது. சிலிகானையே நீர்க்கக் கரைத்து, நிறப்பொடி கலந்து அடிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஊசி முனையிலேயே இறுகிவிடும். அதனால் விரல் வேலை நடக்கும்போது என் மேஜைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும்தான் செய்வேன். டியூப் லைட்டில் எல்லாத் தோலும் காய்ச்சல்காரன் தோல் மாதிரி தெரியும்.

சென்ற வருடம் திருவள்ளூர்க்காரர் அனுப்பி ஒரு பெண் வந்தார். பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற குடும்பம். கணவர் இன்னும் படகில்தான் போகிறார். இவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மகளோடு அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார். தகடு அழுத்துகிற மெஷினில் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போய்விட்டன. கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். அழகுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். அதையும் கொஞ்சம் சலிப்பாகக் கேட்டுவிட்டேன் போல. அவர் நிதானமாகச் சொன்னார்.

“அழகுக்கு இல்லணா. தெனம் புள்ளய இஸ்கூலுக்கு நடந்தேதான் இட்டுனு போறேன். லாரிங்க வலது பக்கம் ஒரசினு போவுது. புள்ள எடது பக்கம் வந்தாதான் நல்லது. இந்தக் கைய புடிக்க மாட்டேங்குது. சுத்தினு வந்து லாரி பக்கமா நின்னுக்குது. நான் இன்னா பண்றது?”

எனக்கு அந்த ரோடு தெரியும். கன்டெய்னர் லாரி போனால் ஓரத்தில் நிற்கிறவன் சட்டை படபடக்கும். அந்தப் பக்கம் ஐந்து வயதுக் குழந்தை நடக்கிறது. ஆகட்டும் என்றேன்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. போன விரலுக்கு அச்சு எடுக்க முடியாது. அதனால் ரத்த உறவில் யாருடைய விரல் அளவு ஒத்துப்போகிறதோ, அவர்கள் விரலில் அச்சு எடுப்பார்கள். இவருக்கு அக்காவின் விரல் பொருந்தியது. அக்கா பழவேற்காட்டில் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர். திருவள்ளூர்க்காரர் அந்த அச்சில் சிலிகான் ஊற்றி, இரண்டு விரல்களையும் உறை மாதிரி செய்து எனக்கு அனுப்பினார்.

விரல்களைப் பார்த்து நான் அசந்துபோனேன். இறால் முள் கீறிக் கீறி ஆறிய தழும்புகள், தண்ணீரில் ஊறி ஊறித் தடித்த மடிப்புகள். எங்கள் தொழிலில் ஒரு பள்ளம் கிடைத்தால் சும்மா விடமாட்டோம். அதில் ஒரு இழை கறுப்பு ஏற்றி, பக்கத்தில் ஒரு இழை வெளுப்பு கொடுத்தால்தான் கைக்குத் தினவு அடங்கும். ஒவ்வொரு தழும்பையும் அப்படித் தூக்கிக் காட்டினேன். நிறத்தை அந்தப் பெண்ணின் வலது கையைப் பார்த்துக் கலந்தேன். நான்கு காலை நேரங்கள் ஆயின. முடித்தபோது, இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அளவு பார்க்கிற நாளில் அந்தப் பெண் மகளோடு வந்தார். குழந்தை அம்மாவின் வலது பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. விரல்களை மாட்டிவிட்டேன். ஜன்னலுக்கு நேராகக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் குனிந்து, அந்தக் கையை மகளிடம் நீட்டினார்.

குழந்தை தொடாமல் கிட்டே வந்து பார்த்தது. பிறகு சொன்னது:

“இது பெரிம்மா வெரலு.”

எனக்குச் சுருக்கென்றது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் குழந்தை பெரியம்மா வீட்டில்தான் இருந்திருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறது. நான் மினுக்கிக் காட்டிய ஒவ்வொரு தழும்பும் அதற்கு அத்துப்படி. முதலில் குழந்தைமேல்தான் கோபம் வந்தது, வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் கோபம் என்மேலேயே திரும்பியது. யாருக்கு விரல் செய்கிறோம் என்பதை மறந்துவிட்டு, என் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தழும்புகளை அடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். ஆனால் எதைப் பார்த்து? உங்கள் விரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் போனை எடுத்தார். அதில் இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தார். எதிலும் கை சரியாகத் தெரியவில்லை.

“தெர்லணா,” என்றார். “நம்ம வெரல நாமளே யாரு பாத்துக்கினு இருந்தா?”

“எனுக்குத் தெரியும்,” என்றது குழந்தை.

நடுவிரலில் நகத்துக்குக் கீழே ஒரு மச்சம். மோதிர விரலின் பக்கவாட்டில் தோசைக்கல் சுட்ட இடம், அங்கே மட்டும் வெளுப்பு. நடுவிரல் நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் புதுத் துணி வரும் என்று அம்மா சொன்னதாகவும், யாருக்கு வரும் என்று கேட்டதற்கு உனக்குத்தான் என்று சொன்னதாகவும் குழந்தை எனக்கு விளக்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். தொலைந்துபோன இரண்டு விரல்கள் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் முழுசாக இருந்தன, அதுவும் எட்டிப் பார்த்தாலும் என் மேஜை தெரியாத உயரத்தில்.

என் மேஜைக்குப் பக்கத்தில் நானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். விரல்களைக் கழற்றி, தழும்புகளில் சிலிகானை நிரப்பி வழித்தேன். படலம் படலமாக அடிக்கத் தொடங்கினேன். மச்சம் எங்கே என்று கேட்டால் குழந்தை இங்கே என்று காட்டியது. நான் புள்ளி வைத்தால், அங்க இல்ல, தள்ளி என்றது. எவ்வளவு தள்ளி என்பதில்தான் தகராறு. மாமாவுக்குச் சரியாகக் காட்டு என்று அம்மா கையை மேஜைமேல் வைத்தார். குழந்தை தன் விரலை அந்தப் பாதி விரலுக்கு நேராக, காற்றில் நிறுத்தியது. அப்புறம் தயங்கியது.

“தொட்டா நோவுமா?” என்று கேட்டது.

“நோவாதுமா. எப்பவோ ஆறிப்போச்சு.”

“நோவாதுன்னு நீ சொல்லவே இல்லியே.”

அந்தப் பெண் கையை மகள் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார். நான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஊசி முனை இறுகட்டும் என்று விட்டது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

குழந்தை தன் விரலைப் பாதி விரலின் முனையில் ஒட்டவைத்தது. இத்தனை நீளம் இருந்தது, மச்சம் இந்த இடத்தில், தோசைக்கல் பட்டது இந்த ஓரத்தில் என்று அளந்து அளந்து காட்டியது. நான் ஊசியைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு, அது சொன்ன இடத்திலெல்லாம் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் அம்மாவின் இடது கை குழந்தையின் இரண்டு கைகளுக்குள்தான் இருந்தது. வெள்ளைப் புள்ளியைக் கடைசியாக வைத்தேன். நகம் வளர வளர அது போய்விடுகிற புள்ளிதான். ஆனாலும் குழந்தை கடைசியாகப் பார்த்தபோது அது அங்கே இருந்திருக்கிறது.

சிலிகான் இறுக ஒரு ராத்திரியாவது வேண்டும், நாளைக்கு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்றேன். இருவரும் கிளம்பினார்கள். ஷெட் வாசலில் நின்று பார்த்தேன். அந்த நேரத்துக்கு ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் வந்துகொண்டிருந்தன. குழந்தை அம்மாவைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கம் போய், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நான் செய்த விரல்கள் இரண்டும் உள்ளே தட்டில் காய்ந்துகொண்டிருந்தன.