மரம் விழுந்த சனிக்கிழமை

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே, காய்ச்சலா என்று மருதமுனை வாசகர் ஒருவர் தபாலட்டை போட்டிருந்தார். காய்ச்சல் இல்லை. வெட்கம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வரிப்பத்தான்சேனையில் என் மனைவி ஸுபைதாவின் அக்கா வீடு. வேளாண்மை வெட்டு முடிந்து கந்தூரி விருந்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை ஸுபைதாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து புறப்பட்டேன். இறக்காமம் நெருங்கும்போது, தேக்கந்தோட்டத்துக்கு நடுவே போகிற வீதியின் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றில் சிவப்புத் துணி. உள்ளே மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றருகே காக்கி உடுப்பும் விசிலுமாக நின்றவன் இஸ்மாயில்.

யார் இந்த இஸ்மாயில்? என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நான் வாத்தியாராகிவிட்டேன், அவன் அந்த மரம் வெட்டும் தளத்தில் ஆட்களை மேற்பார்க்கிற ஓவசியர். அது போகட்டும்... ஸுபைதாவுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை அவன்தான். ஏதோ காரணத்தால் அது தவறி எனக்கு வாய்த்தது. பன்னிரண்டு வருடமாகிறது. ஆனாலும் அவனை எங்கே கண்டாலும் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு முள்.

"கொஞ்சம் நில்லு மச்சான். பெரிய மரமொண்டு விழப்போகுது. பத்து நிமிசம்" என்றான். பிறகு ஸுபைதாவிடம், "எப்படி, சுகமா?"

"ஓம், சுகம். நீங்க?" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் எனக்குக் காட்டி எத்தனை நாள்? எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாங்க அவசரமாப் போறம். எங்கள விட்டுட்டு மரத்த விழுத்து" என்றேன்.

"அது என்ட கையில இல்ல மச்சான். வாள் பாதிக்கு மேல அறுத்திட்டு. மரம் இனி ஆருட சொல்லும் கேளா."

ஸுபைதா இறங்கிவிட்டாள். "அவர் சொல்றது சரிதானே... நிப்பம்."

அவர் சொல்வது சரி! எனக்கு அது போதும்.

பின்னால் வந்த மாட்டுவண்டியை மறிக்க இஸ்மாயில் திரும்பினான். நான் கயிற்றைத் தூக்கி, மோட்டார் சைக்கிளை உள்ளே விட்டேன்.

"அல்லாஹ்வே, எங்க போறீங்க!" ஸுபைதா கத்தியது கேட்டது.

முப்பது யார் தூரம் போயிருப்பேன். மேலே முறிகிற சத்தம். பிரேக் பிடித்து நிமிர்ந்தால், ஒரு முழு மரம் என்னை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்க்கிறேன், கிளம்பவில்லை. விசில் சத்தம் ஓடி ஓடிக் கிட்ட வந்தது... யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்... இரண்டு பேருமாக வீதியோர வடிகானுக்குள் விழுந்தோம்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. கிளையொன்று பட்டு இஸ்மாயிலுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஸுபைதா கஞ்சி காய்ச்சி அனுப்பினாள். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை. என்னைக் காப்பாற்றி எலும்பு முறிந்தவன்மீது!

மறுவாரம் அவனோடு வேலை செய்பவர், அவனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஒருவர், பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"மாஸ்டர், இஸ்மாயில் காக்காட வேல போகப்போகுது. வீதிய ஒழுங்கா மறிக்கல்ல, தன்ட பிழைதான் எண்டு எங்கட கந்தோருக்கு எழுதிக் குடுத்திட்டார். எங்களையும் வாய் திறக்க வேணாமாம்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைத்து என்ன செய்ய?

இரண்டு நாள் அந்த அலுவலகத்தின் பக்கமே நான் போகவில்லை. அதற்குள் செய்தி ஸுபைதாவின் காதுக்கும் எட்டிவிட்டது. மூன்றாம் நாள் காலை ஸுபைதா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கந்தோருக்கு நீங்க போறீங்களா, நான் போகவா?"

அவனுக்காக என் மனைவி கந்தோர் வாசலில் நிற்பதா? உடனே புறப்பட்டேன். ஆக, நான் செய்த ஒரேயொரு நல்ல காரியமும் பொறாமையால்தான் நடந்தது.

"கயிறு இருந்ததா?" என்று கேட்டார் அதிகாரி.

"இருந்தது சேர்."

"சிவப்புத் துணி?"

"அதுவும்தான்."

"பிறகேன் போனீங்க?"

"நில்லு எண்டு சொன்னது அவன் எண்டதால" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார். இஸ்மாயிலின் வேலை தப்பியது.

மரம் வெட்டுகிற இடத்தில் உங்களை யாராவது மறித்தால், வாசகர்களே, நின்றுவிடுங்கள். மறிப்பவர் யாரென்று பார்க்காதீர்கள்.

அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இருந்தான்.

"ஏன்டா என்ட பேரச் சொல்லல்ல?"

"நீ புள்ளையளுக்குப் படிப்பிக்கிறவன் மச்சான். ஊர் சிரிச்சா நாளைக்கு வகுப்பில எப்படி நிப்பாய்?"

தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். நல்லவனாக இருப்பதிலும் அவனே முதல்... இதை ஒரு மனிதன் எப்படித்தான் பொறுத்துக்கொள்வது?