கமியோனெட்டுக்கு எண்ணெய்க் காப்பு

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றில் வண்டி நடுரோட்டில் தீப்பிடித்து எரிகிறது. இன்னொன்றில் அதை ஒரு மாட்டுப் பட்டாளமே இழுத்துச் செல்கிறது. இரண்டும் சரியல்ல. தீ பிடிக்கவில்லை, வாசனைதான் வந்தது. மாடுகள் ஒரு ஜோடி. வண்டியின் பின்பக்கம் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் சிறுமியாக நான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குக் காய்கறி வியாபாரம். எங்கள் ஊரான பாம்ப்ளமூஸிலிருந்து தீவின் தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தைக்குக் கத்தரிக்காயும் சௌசௌவும் கொண்டுபோவார். அதற்காகவே, போர் முடிந்தபின் ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தார். ஊரில் அதைக் கமியோனெட் என்போம். கிளப்பும்போது அது மலேரியா கண்டவனைப்போல் உதறும். ஏற்றத்தில் இரண்டாம் கியர் தானாகவே கழன்று, 'டங்' என்ற சத்தத்தோடு நடுவுக்கு வந்துவிடும். இதற்கு அப்பா கண்டுபிடித்த மருந்து அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா "ரெண்டு" என்றதும் கியர்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது அவள் வேலை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கத்தரிக்காய் ஊரைவிட்டுப் போகாது.

வீட்டில் நாங்கள் பேசியது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல்தான். உறவுமுறையும் சாமி பெயரும் சில திட்டுகளும் மட்டும் தமிழில் இருந்தன. இங்கே பெரும்பாலும் தமிழிலேயே எழுதுகிறேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் வைத்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாள். முப்பதை நெருங்கிவிட்டாள் என்று மற்றவர்கள்தான் கவலைப்பட்டார்கள். அந்த வருஷம் ரிவியேர் டு ராம்பாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். கல்வீடு, கரும்புக் காணி, கொட்டகை நிறைய மாடு. அவருடைய அம்மா சகுனம் பார்ப்பதில் பெயர்போனவள். முந்தைய சம்பந்தத்தை, பேச்சின் நடுவே பல்லி கத்தியது என்பதற்காகவே முறித்தவள்.

"பல்லிக்கே அந்தக் கதி. நாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். அத்தை மோர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பாத்திரம் கழுவும்போது அத்தை என் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்த வீட்டுக்கு வேண்டியது பொண்டாட்டி இல்ல அண்ணி. மாடு பாக்க ஆளு."

"சும்மா இரு. உங்க அண்ணன் காதுல விழப்போவுது."

"விழுந்தாலும் ஏறாது."

அப்பா நேராகக் கேட்டபோது மட்டும், "உங்க இஷ்டம் அண்ணே" என்றாள். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு கொண்டுபோய் மாற்றுவது என்று முடிவாயிற்று. பெண் வீட்டிலேயே இருப்பாள்; பெரியவர்கள் போவார்கள். உடனே அப்பாவுக்கு வண்டியைப் பற்றிய கவலை வந்துவிட்டது. மனைவி கியரைப் பிடித்துக்கொண்டிருக்க, உதறிக்கொண்டே சம்பந்தி வாசலில் போய் நிற்க முடியுமா? கியர்பாக்ஸையும் கிளட்சையும் இறக்கிப் புதுப்பிப்பதென்று தீர்மானித்தார். உதவிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பியான அவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அப்பா அவர் சொல்வதை அப்படியே செய்வார். ஆனால் முதலில் அதைத் தன் யோசனையாக ஒருதரம் சொல்லிக்கொள்வார்.

ஈரப்பலா மரத்துக் கிளையில் கயிறு போட்டுக் கியர்பாக்ஸை இறக்கினார்கள். பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க, மாமா நுனி வாழையிலை கேட்டார். கழற்றிய வரிசையிலேயே பல்சக்கரங்களையும் தண்டுகளையும் இலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சோறு வைக்கும் இடத்தில் பெரிய சக்கரம், ஊறுகாய் மூலையில் வளையங்களும் திருகாணிகளும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாயசம் எப்போ?" என்று கேட்டாள்.

இரண்டாம் கியர்ச் சக்கரத்தில் பற்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. அதே ரக வண்டி ஒன்று அடுத்த ஊரில் கோழிக்கூடாக வாழ்ந்துகொண்டிருந்தது. கோழிகளை எழுப்பி, அதன் சக்கரத்தைக் கழற்றி வந்தார்கள். மண்ணெண்ணெயில் கழுவியும் அது கோழிக்கூட்டு நாற்றத்தை முழுதாக விடவில்லை. கிளட்ச் தட்டைப் போர்ட் லூயிஸில் ஒரு பட்டறையில் கொடுத்து, இரண்டு பக்கமும் புதிதாக நார்ப்பட்டை வைத்து ஆணி தறைந்து வாங்கினார் அப்பா. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக, சணல் கோணிபோல் நெருங்கிப் பின்னிய பட்டையோடு, அழகாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கொண்டுவந்தவர், தூசு படாத இடம் வீட்டில் எது என்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் சாமி படங்களுக்கு முன்னால், மணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்கு இதைப் பூட்டிட்டா, கமியோனெட் கிழவன் கல்யாண மாப்பிள்ளைதான்."

வெள்ளிக்கிழமைப் பூசை அத்தையுடையது. விளக்கேற்றினாள், பாட்டுப் பாடினாள், சூடம் காட்டினாள். எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு போனபின் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் பிரசாதத்துக்காகத் திரும்பி வந்தேன். அத்தை அந்தக் கிளட்ச் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்த நல்லெண்ணெயை உள்ளங்கையில் எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலையில் வைத்துத் தேய்ப்பதுபோல் பொறுமையாக, ஓரம் விடாமல், இரண்டு பக்கமும். எண்ணெய் உள்ளே இறங்க இறங்க மறுபடியும் ஊற்றினாள். பிறகு துணியால் நன்றாகத் துடைத்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். என் கையில் பெரிய வாழைப்பழமாக ஒன்றைக் கொடுத்தாள்.

அத்தையின் பக்தி எனக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பத்து நாளும் உப்புகூடச் சேர்க்காமல் விரதம் இருப்பவள்.

மறுநாள் அப்பா பொட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பாத்தியா? மனசார ஒத்துக்கிட்டா" என்று அம்மாவிடம் சொன்னார். மாமாவும் அவரும் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். வாழையிலையில் ஒரே ஒரு வாஷர் மிஞ்சியிருந்தது. மாமா அதை உற்றுப் பார்த்தார்.

"இது எங்க போவணும் மச்சான்?"

"எங்கயும் போவ வேணாம். இது முதல்லயே அதிகமா இருந்தது" என்று சொல்லி அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சோதனை ஓட்டம் அருமையாக நடந்தது. சமதரையில் தேர்முட்டி வரை போய்த் திரும்பினோம். உதறல் இல்லை. இரண்டாம் கியர் போட்ட இடத்தில் நின்றது. அம்மா பழக்கத்தில் கம்பியைப் பிடிக்கக் கை நீட்ட, "கையை எடு, இனிமே அதுக்கு நீ வேணாம்" என்றார் அப்பா. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அவள் முகம் வேலையிலிருந்து நீக்கப்பட்டவள் முகம்போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். முன்னால் அப்பா, அம்மா. பின்னால் மாமா, நான், பழம், தேங்காய், சேலை, வெற்றிலை, சர்க்கரைத் தட்டுகள். அத்தை வாசலில் நின்று, "பாத்துப் போங்க அண்ணே" என்றாள்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே முதல் ஏற்றம் வந்ததும் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. வண்டி மட்டும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா மேலும் அழுத்தினார். எஞ்சின் மேலும் கத்தியது. வண்டி நின்றேவிட்டது. அப்புறம், மிகவும் மரியாதையாக, பின்னோக்கி நகர்ந்தது.

"ரெண்டை நான் பிடிக்கட்டுமா?" என்று அம்மா கேட்பது கேட்டது. குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்ததோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

"ரெண்டு நல்லாத்தான் நிக்குது! வண்டிதான் நிக்கமாட்டேங்குது!"

மாமா குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இறங்கியவர் மூக்கை உயர்த்தி மோந்தார். எனக்கும் அது வந்தது. வண்டியின் அடியிலிருந்து, சந்தேகமே இல்லாமல், வடை சுடும் வாசனை.

"மச்சான், உள்ள வடை கிடை போட்டிருக்கீங்களா?"

"விளையாடுற நேரமா இது?"

"அப்போ அந்த வாஷரைக் கொடுங்க. எல்லாம் அதாலதான்."

அப்பா சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். வாஷர் இல்லாததால் வடை வாசனை வருமா என்று நடுரோட்டில் ஒரு விவாதம் நடந்தது. "அலே, பூசே!" என்று அப்பா கத்த, நாங்கள் தள்ளினோம், பட்டுச்சேலையோடு அம்மாவும் தள்ளினாள். வண்டி ஒரு முழம் ஏறி, அரை முழம் இறங்கியது. வெயில் சாய ஆரம்பித்தபோது ஒரு கரும்பு வண்டிக்காரர் அந்தப் பக்கமாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டி காலி. அவர் நிலைமையைப் பார்த்தார், வாசனையைப் பிடித்தார், "அயோ பொன்டியே" என்று கடவுளைக் கூப்பிட்டார். வேறொன்றும் கேட்காமல் மாடுகளை அவிழ்த்து எங்கள் கமியோனெட்டுக்கு முன்னால் கட்டினார்.

இப்படித்தான் ராகு காலத்தின் நட்டநடுவில், ஒரு ஜோடி மாடு இழுக்க, வடை மணக்க மணக்கச் சம்பந்தி வாசலை அடைந்தோம். அப்பா அப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றாள். முதலில் வானத்தைப் பார்த்தாள், பிறகு மாடுகளை, பிறகு எங்களை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தினாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, பாவம். தட்டுக்கு வேற வீடு பாத்துக்குங்க."

மாடுகள் குடித்தன. நாங்கள் ஒன்றும் குடிக்கவில்லை.

அதே மாடுகள் இழுக்க வீடு திரும்பியபின் மாமா கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கினார். கிளட்ச் தட்டு பளபளத்தது. விரலை வைத்து மோந்து பார்த்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அப்பா அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்.

"யாரு இதுல எண்ணெய் வச்சது?"

"நாந்தான் அண்ணே" என்று அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள். "வெள்ளிக்கிழமை. சாமி முன்னால வச்சிருந்தீங்களே. புது சாமானாச்சேன்னு எண்ணெய்க் காப்புப் போட்டேன். தப்பா?"

அப்பாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் போக இடமில்லை. தட்டைச் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது அவரே. கடைசியில் அவரும் மாமாவும் அத்தையை உட்காரவைத்து, கிளட்ச் என்றால் என்ன என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் எண்ணெய் வேண்டும், இதற்கு மட்டும் கூடாது. இது பிடித்துக்கொள்ள வேண்டிய சாமான், வழுக்கிவிட்டால் எஞ்சின் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நகராது. அப்பா இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திக் காட்டினார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "அப்படியா அண்ணே?" "இவ்வளவு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்களுக்கு மெஷின் பத்தி என்ன தெரியும்? நம்ம தப்புதான்" என்று அப்பா எழுந்தபோது அவருடைய கோபம் முழுவதும் போயிருந்தது. சொல்லிக் கொடுத்த களைப்பு மட்டும் இருந்தது.

தட்டு மாற்றக் கொண்டுபோன பழங்களை நாங்களே பல நாள் தின்றோம். ரிவியேர் டு ராம்பாரைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தை மறுபடியும் முன்னறையில் தைக்க ஆரம்பித்தாள். தைக்கும்போது பாடினாள்.

அந்த வாரம் ஒருநாள், மெஷினுக்கு நான் எண்ணெய் விடுகிறேன் என்று கெஞ்சிக் கேட்டேன். அத்தை சின்ன எண்ணெய்ச் செம்பைக் கொடுத்து, எந்தெந்தத் துளையில் எத்தனை சொட்டு என்று காட்டினாள். நான் உற்சாகத்தில் சக்கரத்தைச் சுற்றி ஓடும் தோல் பெல்ட்டுக்கும் கொஞ்சம் விடப்போனேன். என் மணிக்கட்டைப் பட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"பெல்ட்டுல மட்டும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுடி. பட்டா கீழ்ச் சக்கரம் பாட்டுக்குச் சுத்தும், ஊசி அசையாது. தையல் கத்துக்கப் போன முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்."

"சரி அத்தை" என்றேன்.

அப்பாவும் மாமாவும் அவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சொன்னது வீண்போகவில்லை, அத்தைக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஓடிப்போய் அப்பாவிடமும் அதைச் சொன்னேன். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.