வெண்ணாற்றில் தண்ணீர் இல்லாத ஞாயிறு

சென்ற சனிக்கிழமை தஞ்சையில் ஒரு கல்லூரி விழா. என்னை அறிமுகப்படுத்திய மாணவர், கையில் இருந்த தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார். நாவன்மை, சொல்லாற்றல், சிந்தனைச் செறிவு… எல்லாம் எனக்குப் பழகியவை. சற்றே தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

கடைசியாக ஒன்றைச் சேர்த்தார். ‘நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றையும் ஒரே நாளில் நிகழ்த்தி வென்றவர்!’

அரங்கம் அதிர்ந்தது. வேறெதற்கும் கிடைக்காத கைத்தட்டல். மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கைத்தட்டலைக் குறுக்கே நின்று தடுக்கும் பேச்சாளரை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

மேடையில் சொல்லத் தவறியதை இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன். நான் வெல்லவில்லை. நடந்தது வேறு.

பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை. நீடாமங்கலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் எதற்கோ காத்திருந்த காலம். ஒருவன் துபாய் விசாவுக்கு, ஒருவன் சிங்கப்பூர் ஏஜென்ட்டின் அழைப்புக்கு, இன்னொருவன் பெங்களூர் கம்பெனியின் கடிதத்துக்கு. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் நான்கு வீட்டு வாசலில் தலை தெரியும்.

நானும் காத்திருந்தேன், தொலைக்காட்சிக்காக. புதிது புதிதாகச் சேனல்கள் முளைத்த நேரம். அவற்றில் ஒன்று பொங்கல் பட்டிமன்றத்தில் பேச என்னை அழைத்திருந்தது. அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். யாரும் கேட்காமலேயே எடுத்துக் காட்டுவேன்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து செல்வராசு அண்ணன் திரும்பி வந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து கிளம்பி, அங்கே எட்டு ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். ஊரில் வெல்டிங் பட்டறை வைத்தார். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் அவர் வேடிக்கை பார்த்த பந்தயம் ஒன்றை இங்கே நடத்த ஆசைப்பட்டார். ட்ரையத்லான்.

வெண்ணாற்றில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். நீடாமங்கலத்திலிருந்து கீழ்வேளூர் வரை சைக்கிள்; ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஓட்டம். காலை ஆறு மணிக்குத் தொடக்கம். நாகை நகராட்சியின் பன்னிரண்டு மணி சைரன், எங்கள் பேச்சில் சங்கு, ஊதுவதற்குள் எல்லையைத் தொட வேண்டும்.

அதற்கான அறிவிப்புக் கூட்டத்தில் எனக்கு வாழ்த்துரை. ஐந்து நிமிடம் என்றார்கள். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். ‘ஆற்றில் குளித்து வளர்ந்தவனுக்கு நீச்சல் பயிற்சி எதற்கு? பள்ளிக்கு ஆறு மைல் மிதித்தவனுக்குச் சைக்கிள் பயிற்சி எதற்கு? புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடித்தவனுக்கு ஓட்டப் பயிற்சி எதற்கு?’ என்று நான் அடுக்க அடுக்க, கூட்டம் கரவொலியால் பதில் சொன்னது.

முன்வரிசையில் ஜாகிர் உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பிள்ளை; என் கல்லூரித் தோழன்; ஆறு மாதமாக விடியற்காலையில் ஆற்றில் நீந்திப் பழகிக்கொண்டிருந்தவன். அவன் கையை உயர்த்தினான்.

“அப்ப நீயும் வா மாப்ள.”

சிரிப்பு. கூட்டம் முழுக்கச் சிரிப்பு.

எதிர்க்கேள்விக்கு உடனே பதில் சொல்லாதவன் தோற்றவன் என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம். என்ன பதில் என்று யோசிப்பது இரண்டாம் பாடம் போலிருக்கிறது. அதற்குள் நான் பேசிவிட்டேன். ‘வருகிறேன். பன்னிரண்டு மணிச் சங்குக்கு முன் நாகையில் நிற்காவிட்டால், ஓராண்டுக்கு எந்த ஒலிபெருக்கியின் முன்னும் நிற்க மாட்டேன்!’

விசில் பறந்தது. கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சட்டைப் பையில் இருந்த கடிதம் உறுத்தியது. பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாதமே இருந்தது.

இடையில் மூன்று வாரம். நான் என்ன பயிற்சி எடுத்தேன் என்கிறீர்களா? எல்லையைத் தொட்டவுடன் ஆற்ற வேண்டிய ஏற்புரையை எழுதினேன். நான்கு பக்கம். மனப்பாடமும் செய்தேன். சைக்கிள் வேறு இல்லை. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் முதல் நாள்தான் இரவல் வாங்கினேன்.

ஞாயிறு விடிந்தது. நாற்பது பேர் வெண்ணாற்றங்கரையில் வரிசையாக நின்றோம்.

ஆற்றில் தண்ணீர் இல்லை.

இல்லையென்றால் அறவே இல்லை என்பதன்று. நடுவில் இடுப்பளவு, ஓரத்தில் முழங்காலளவு, மற்றதெல்லாம் மணல். மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் கரையில் நின்று எங்களை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராசு அண்ணன் அவரிடம் ஓடினார்.

“மொறை மாறிடுச்சுங்களே. முந்தாநேத்தே கல்லணையில வெண்ணாத்த அடைச்சுட்டு காவேரிக்குத் தொறந்துட்டாங்க” என்றார் லஸ்கர். “எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலயே.”

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார். முகூர்த்த நாளா, பரீட்சை நாளா, பஸ் ஸ்டிரைக் உண்டா என்றெல்லாம் விசாரித்தவர், அந்த வாரம் தண்ணீர் வெண்ணாற்றின் முறையா, காவிரியின் முறையா என்று மட்டும் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டு அப்பாக்கள் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. வயலில் நாற்று நிற்கிறதே, தெரியாமல் இருக்குமா? பாஸ்போர்ட் வைத்திருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆற்றைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசிய எனக்கும்தான்.

அடுத்த முறை தண்ணீர் வரும்வரை ஒத்திவைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அதுக்குள்ள பாதிப் பேர் பிளேன் ஏறிடுவீங்கப்பா. இன்னைக்கே போவோம்.”

போனோம். நீச்சல் நடையாயிற்று. ஜாகிரின் முகம் சுருங்கிவிட்டது. பாவம், ஆறு மாத உழைப்பு. எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. இயற்கையே என் பக்கம் தீர்ப்பு வழங்கிவிட்டது என்று அவனிடம் சொன்னேன். ‘பாலம் வரைக்கும் பேசாம நட’ என்றான்.

ஈர மணலில், இடுப்பளவு நீரில் இரண்டு கிலோமீட்டர் நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலை எடுத்தால் மறுகால் புதையும். அதை எடுத்தால் இது. பாலத்தைத் தொட்டபோது என் கெண்டைக்கால் இரண்டும் கருங்கல்லாகியிருந்தன. நீந்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மூழ்கியிருப்பேன், அவ்வளவுதானே?

சைக்கிள். கொரடாச்சேரிக்குள் நுழைவதற்குள் முப்பது பேர் என்னைக் கடந்துவிட்டார்கள். டீக்கடை வாசலில் நின்றவர்களுக்கு என் சபதம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது. பேச்சாளர் ஏன் பேசாமல் போகிறார் என்று ஒருவர் சக வாடிக்கையாளர்களிடம் உரக்க விசாரித்தார். வாழ்க்கையில் முதன்முறையாக மூச்சை வேறு வேலைக்குச் செலவிட்டுக்கொண்டிருந்தேன்.

திருவாரூரில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதுதான் அதைப் பார்த்தேன். வாத்தியார் சைக்கிளில் டைனமோ உண்டு. அது டயரோடு அழுந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், விளக்கை எரியவிட்டுக்கொண்டு, அந்தப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருக்கிறேன்!

தட்டிவிட்டு மறுபடி ஏறினேன். இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு மைல் கல்லிலும் தோன்றியது. ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. விளக்கொளி, கேமரா, நடுவர், நான்…

கீழ்வேளூரில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது என் தரப்பு வாதம். பார்த்தவர்கள் நடந்தான் என்பார்கள். சிக்கல் தாண்டும்போது எதிரே கடற்காற்று கிளம்பி நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. சாலையோர வாய்க்காலில் கால்களை நனைத்தேன். மறுபடி ஓடினேன். ஊர் எல்லை தெரிந்தது. நட்டு வைத்த இரண்டு மூங்கில்களும், இடையே கட்டிய துணியும், அதன் அடியில் கூட்டமும் தெரிந்தன. இன்னும் ஒரு பர்லாங்குதான்.

சங்கு ஊதியது.

அது எவ்வளவு நேரம் ஊதும் என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை. நெடுநேரம் ஊதுகிறது. அது ஓய்ந்த பிறகும் நான் வந்துகொண்டே இருந்தேன். துணிக்கு அடியில் நுழைந்தபோது யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் செல்வராசு அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“என் வாட்ச்ல பதினொன்னு அம்பத்தெட்டுதான் ஆவுது தம்பி. சங்கு ஊதுறவன் அவசரப்பட்டுட்டான். நீங்க நேரத்துக்கு வந்துட்டதா எழுதிக்கிறேன்.”

நல்ல மனிதர். அவர் கடிகாரம் பொய் சொல்லுமா, சொல்லாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜாகிர் எப்போதோ வந்து சேர்ந்து, மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தேன்.

“எழுதிக்கட்டும் மாப்ள” என்றான் மெதுவாக. “டிவிக்குப் போயிட்டு வா. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன்.”

அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் கேலி செய்திருந்தால் வாதாடியிருப்பேன்; கடிகாரத்துக்கும் சங்குக்கும் இடையே எது சரி என்று ஒரு பட்டிமன்றமே நடத்தி வென்றிருப்பேன். எனக்காக வாயை மூடிக்கொள்வேன் என்கிறவனிடம் என்ன வாதாடுவது? பத்து நாளில் அவனுக்குச் சவூதியின் தம்மாமுக்கு விமானம். போகிற இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் ஆறு பேர் இருக்கும் அறையில், என்னைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு கதையைத்தான் கொண்டு போவான். அதைப் பாதியில் விழுங்கச் சொல்வதா?

“நான் சொன்னது சங்குதாண்ணே” என்றேன். “லேட்டுன்னே எழுதுங்க.”

நான்கு பக்க ஏற்புரை என் நினைவிலேயே தங்கிவிட்டது. என் வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அந்த இரண்டு வாக்கியங்கள்தாம்.

சேனலுக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை, எழுதினால் நம்புவார்களா?

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஜாகிர் முதலில். மழைக்காலம் முடிவதற்குள் அன்று ஆற்றில் நடந்த நாற்பது பேரில் ஊரில் பத்துப் பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டு அண்ணன் தண்ணீர் முறையைச் சரியாக விசாரித்துத்தான் நாள் குறித்தார். ஆறு நிறைய ஓடியது. நீந்தத்தான் ஆளில்லை. பந்தயம் அத்தோடு நின்றது.

பொங்கல் அன்று ஜாகிர் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பட்டிமன்றத்தைப் பார்த்தேன். வட்டிலப்பம் கொடுத்து, பேச வேண்டிய பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கிறதே என்று அவன் அம்மா வருந்தினார். வீட்டுக்கு வந்து, வேறு வழியில்லாமல், பேச வேண்டியதையெல்லாம் அவனுக்குக் கடிதமாக எழுதினேன். எட்டுப் பக்கம்.

பதில் வந்தது. ‘ரூம்ல சத்தமாப் படிச்சுக் காட்டுனேன் மாப்ள. நீ பேசுனா கை தட்டிட்டுப் போயிடுவாங்க. இதை மறுபடி படிக்கச் சொல்றாங்க’ என்று எழுதியிருந்தான்.

ஓராண்டு முழுக்க எழுதினேன். பத்திரிகையில் நீங்கள் படித்துவரும் இந்தப் பத்தி அந்தக் கடிதங்களில் பிறந்ததுதான்.

அந்த முதல் கடிதத்தில் எதையும் நான் மறைக்கவில்லை. என் இடத்தில் பேசியவர் மிக நன்றாகப் பேசினார் என்பதை மட்டும் எழுதவில்லை.