அளவு நாளன்று போட்ட கிரீஸ்

காகித ஆலையில் என் அண்ணியை எல்லாரும் ‘நாடி டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அதிர்வை அளக்கும் சின்னக் கருவியோடு நாற்பத்திரண்டு மோட்டார்களையும் சுற்றி வருவார். மோட்டார் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் ஒவ்வொன்றின் மூடி மேலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி உண்டு. அதில் கருவியை வைத்து, எண் நிலைக்கும்வரை அசையாமல் நிற்பார். பேரிங் கெடத் தொடங்கினால் காதுக்குக் கேட்பதற்குப் பல வாரம் முன்பே அந்த எண் ஏறும்.

காகிதக் கூழை வெளுக்கும் கூடத்து மோட்டார்கள் என் அண்ணன் பொறுப்பு. அங்கே ஏழாம் மோட்டார்தான் ரசாயன நெடியை வெளியே தள்ளும் விசிறியைச் சுழற்றுகிறது. அது திடீரென்று நின்றால் கூடத்தில் வேலை பார்க்கும் பதினொரு பேருக்கும் மூச்சு முட்டும்.

அந்தத் திங்கட்கிழமை, ஆலை ஸ்டோரில் வேலை பார்க்கும் நானும் ஒரு சீட்டோடு அங்கே நின்றிருந்தேன். ஏழாவதன் எண் வழக்கம்போல் தாழ்வாகவே இருந்தது. ஆனால் அண்ணி நகரவில்லை. மூடியின் அடியில் புதுக் கிரீஸ் பிதுங்கியிருந்தது.

“காலையில கிரீஸ் போட்டீங்களா?”

“டாக்டர் வர்ற அன்னைக்குப் புள்ளைக்கு முகம் கழுவி விட்டேன். அது ஒரு குத்தமா?” அண்ணன் கண்ணடித்தார்.

“எத்தனை மாசமா?”

“எட்டு மாசமா. ஏன், நல்ல எண் வந்தா உனக்கு ஆகாதா?”

“காய்ச்சக்காரப் புள்ளைக்கு முகம் கழுவினா காய்ச்சல் போயிடுமா?”

அண்ணன் சிரிப்பு பாதியில் நின்றது. புதுக் கிரீஸ் போட்டால் தேய்ந்த பேரிங்கும் இரண்டொரு நாள் சாதுவாக ஓடும். அந்தச் சாதுத்தனத்தை ஆரோக்கியம் என்று அவர் நம்பிவிட்டிருந்தார். எட்டு மாதமாக அவர் பகுதியில் ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. மேற்பார்வையாளர் பதவிக்கு அவர் பெயர் அடிபட அதுவே காரணம்.

“அடுத்த வாரம் லிஸ்ட் வருது. அதுவரைக்கும் பேசாம இரு,” என்றார் தணிந்த குரலில்.

அண்ணி கருவியை எடுத்துக்கொண்டு எட்டாம் மோட்டாருக்கு நகர்ந்தார். வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஏழாவதிடம் வந்தார். எண் நாலு மடங்கு ஏறியிருந்தது. மூன்று முறை அளந்தார். பிறகு சீட்டு எழுதினார்: ‘ஆட்களை வெளியேற்றி உடனே நிறுத்தவும். முந்தைய எட்டு அளவுகள் கிரீஸ் போட்ட கையோடு எடுத்தவை, நம்ப வேண்டாம். கவனிக்காதது என் பிழை.’

அடியில் கையெழுத்திட்டு, ஆலை மேலாளரிடமே கொடுத்தார்.

கழற்றிப் பார்த்தபோது பேரிங்கின் உள்வளையம் நகம் அகலத்துக்கு உரிந்திருந்தது. “பத்து நாள் தாங்கியிருந்தா அதிசயம்,” என்றார் ஃபிட்டர். அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

பட்டியலில் அவர் பெயர் இல்லை.

வீட்டில் நாலு நாள் பேச்சே இல்லை. தட்டு வைக்கும் சத்தம், எடுக்கும் சத்தம், அவ்வளவுதான். ஐந்தாம் நாள், சாப்பாட்டைப் பிசைந்தபடியே அண்ணன் கேட்டார்.

“அடுத்த அளவு என்னைக்கு?”

“இனிமே தேதி சொல்ல மாட்டேன்.”

“எனக்குக் கூடவா?”

“உங்களுக்குத்தான் முக்கியமா.”

அண்ணன் தலையை ஆட்டினார். கோபமா சம்மதமா, எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை அண்ணி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.